ஒற்றைப் பாதையில் இரண்டு வேலை: உலாவிகளிற் பின்னணி இழையின்மையும் அதனை ஈடுசெய்த வரலாறும்

ஹற்றனைக் கடந்து கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை ஊடாக நானுஓயாவுக்கு ஏறுகின்ற இருப்புப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதையாகும். 1885ஆம் ஆண்டில் நானுஓயா வரை அப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு வேளையில் ஒரு வண்டியே செல்லலாம் என்பது அதன் விதி. அப்பகுதிக்குரிய டெப்லட்டை நிலைய அதிபரிடமிருந்து பெறாத சாரதி வண்டியை நகர்த்துவதில்லை. நீண்டதொரு சரக்குவண்டி மெல்ல இறங்கி வருமாயின், மேலே செல்லவேண்டிய பயணிகள் தலவாக்கலை மேடையிற் காத்திருக்கவேண்டியதுதான். திம்புள்ளப் பகுதியிற் பிறந்தோர்க்கு இஃது ஒரு புதிய செய்தியன்று.

இணைய உலாவி ஒன்றினுள் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவேயாகும். ஓர் இணையப் பக்கத்தை வரைதல், வாசகர் விரலால் தொட்டதை உணர்தல், எழுத்தைத் திரையில் இடுதல், கணக்கொன்றைச் செய்தல் ஆகிய யாவும் ஒரே இழையில், ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறுகின்றன. கணக்கு நீண்டதாயின் ஏனைய யாவும் நின்றுவிடும். திரை உறைந்து போகும், வாசகர் தொடுவார், ஒன்றும் நிகழாது, மீண்டும் தொடுவார். இக்குறையை நீக்கும் பொருட்டே ‘வெப் வேர்க்கர்’ எனப்படும் பின்னணி இழை வகுக்கப்பட்டது. அது வகுக்கப்பட்ட கதையைவிட, அது கிடைக்கப்பெறாத உலாவிகளை நிரலாளர் எவ்வாறு கையாண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கலைப்பீடத்தில் வரலாறு பயிலும் ஒருவருக்குக் கணினியின் உள்ளறையில் என்ன வேலை என்று வினவுதல் இயல்பே. ஆயின், கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவை புத்தாக்கம் பெற்ற ஆண்டுகளைக் கொண்டே எழுதப்படுகின்றது. டேவிட் எட்ஜர்ட்டன் என்னும் வரலாற்றாசிரியர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவ்வழக்கத்தை மறுத்து, ஒரு கருவி எப்பொழுது தோன்றியது என்பதிலும் பார்க்க யாரால், எவ்விடத்தில், எவ்வளவு காலம் பயன்படுத்தப்பட்டது என்பதே வரலாற்றுக்கு உரிய வினா என்று வாதிட்டார். அவ்வினாவைத் திம்புள்ளயில் நின்று கேட்பின், உலாவிகளின் வரலாறு நூல்களிற் காணப்படும் வரலாறாக இராது.

ஒற்றை இழையின் தோற்றம்

1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக், பத்தே நாள்களில் ஒரு சிறிய நிரல்மொழியின் முதல் வடிவை ஆக்கினார். அதுவே பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர்பெற்றது. அதே ஆண்டில் வெளிவந்த ஜாவா மொழியிற் பல இழைகளை ஒருங்கே ஓட்டும் வசதி தொடக்கத்திலேயே இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது கொடுக்கப்படவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்பட்டதா எனப் பார்த்தல், சுட்டி பட்டதும் படமொன்றை மாற்றுதல் போன்ற சில்லறை வேலைகளே அன்று அதனிடம் எதிர்பார்க்கப்பட்டன. அவ்வேலைகளுக்கு ஓர் இழை போதுமானது.

இதனை வெறும் குறையெனக் கொள்வது பிழையாகும். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திருத்தத் தொடங்கின், ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். அவ்வாறு எழும் பிழை ஒரு நாள் தோன்றி மறுநாள் மறையும் இயல்பினது. ஐக் 2007ஆம் ஆண்டிலே, நினைவகத்தைப் பலரும் பங்கிட்டுக்கொள்ளும் இழைகள் சாதாரண நிரலாளர் கையில் ஒப்படைக்கத் தக்கவை அல்ல என்று கடுமையாகவே எழுதினார். ஒற்றைப் பாதையிலே வண்டிகள் மோதுவதற்கு இடமில்லை. காத்திருப்பதற்கு மட்டுமே இடமுண்டு. எனவே பாதுகாப்புக்கு விலையாகக் காத்திருப்பு செலுத்தப்பட்டது எனலாம்.

அவ்விலை தொடக்கத்திற் சிறிதாகவே இருந்தது. 2004ஆம் ஆண்டில் ஜீமெயிலும் 2005ஆம் ஆண்டிற் கூகுள் நிலப்படங்களும் வெளிவந்தபின், பக்கம் என்பது படிப்பதற்குரிய தாள் என்ற நிலை மாறி, வேலை செய்வதற்குரிய மேசை என்ற நிலையை அடைந்தது. வேலை பெருகவே உறைதலும் பெருகிற்று. இன்ரநெட் எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்புவரை நிரற்கூற்றுகளை எண்ணிக்கொண்டே வந்து, 50 இலட்சம் கூற்றுகள் இடைவிடாது ஓடின், இந்நிரலை நிறுத்தவா என்று வாசகரிடம் வினவியது. பயர்பொக்ஸ் கூற்றுகளை எண்ணாது செக்கன்களை எண்ணி அதே வினாவை விடுத்தது. நிரலாளர் செய்த நெருக்கடிக்கு வாசகர் தீர்ப்புக் கூறவேண்டியதாயிற்று! ‘நிறுத்து’ என்றால் வேலை கெடும். ‘தொடர்’ என்றால் மீண்டும் உறையும்.

2007ஆம் ஆண்டு மே மாதத்திற் கூகுள் வெளியிட்ட ‘கியர்ஸ்’ எனும் இணைப்புநிரலிற் பின்னணி வேலையாள் முறை முதன்முதலாகப் பரவலாகத் தரப்பட்டது. அவ்வெண்ணமே பொதுத்தரமாக்கப்பட்டு, அதன் முதல் வரைவு 2009ஆம் ஆண்டு ஏப்ரிலில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பால் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு யூனில் சபாரி 4, பயர்பொக்ஸ் 3.5 ஆகியனவும், 2010ஆம் ஆண்டிற் குரோம் 4, ஒப்பேரா 10.6 ஆகியனவும் அதனை ஏற்றன. மைக்ரோசொப்ட் பின்தங்கிற்று, 2011இல் வந்த எக்ஸ்புளோரர் 9இலும் அது இல்லை. 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விண்டோஸ் 8 உடன் வெளிவந்த எக்ஸ்புளோரர் 10இலேயே அது இடம்பெற்றது.

இவ்விடத்து ஒரு சிறு விலகல் பொறுத்தருளப்படுக. இப்பின்னணி இழைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வேர்க்கர்’, அதாவது தொழிலாளி. இத்தொழிலாளி பக்கத்தைத் தொடக்கூடாது. பக்கம் எவ்வாறுள்ளது என்று காணவும் முடியாது. செய்தி வழியாக வேலையைப் பெற்று, செய்தி வழியாகவே விளைவைத் திருப்பி அனுப்பவேண்டும். மேலிடம் விரும்பின் முன்னறிவித்தலின்றி, கையிலுள்ள வேலை முடியுமுன்னரே அதனை ஒரே சொல்லால் நிறுத்திவிடலாம். தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இவ்விதிகளை முதன்முறையாகப் படிக்கும்போது புன்னகை செய்யாதிருத்தல் கடினம்.

காலம் பிந்தி வந்த ஆண்டுகள்

மேற்கூறிய ஆண்டுகள் யாவும் வெளியீட்டு ஆண்டுகள். அவை வாசகரின் கைக்கு வந்த ஆண்டுகள் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி நிறுவப்பட்ட கணினியில் எக்ஸ்புளோரர் 8க்கு மேல் ஏற முடியாது. ஒன்பதாம் பதிப்பே எக்ஸ்பியை ஏற்க மறுத்தது. ஆகவே எக்ஸ்பியில் எக்ஸ்புளோரரைப் பயன்படுத்தியோர்க்கு 2009உம் வரவில்லை, 2012உம் வரவில்லை. மைக்ரோசொப்ட் 2014ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆம் திகதி எக்ஸ்பியைக் கைவிட்ட பின்னரும் வரவில்லை. பயர்பொக்ஸையோ குரோமையோ நிறுவியிருக்கலாமே எனின், உண்மையே. ஆனால் பாடசாலைக் கணினி அறையொன்றில் மென்பொருளை நிறுவும் கடவுச்சொல் யாரிடம் இருந்தது, இறக்குவதற்கு இணைப்பு எங்கிருந்தது என்பன அவ்வளவு இலகுவான வினாக்கள் அல்ல.

கைத்தொலைபேசியின் கதை இன்னும் விந்தையானது. அண்ட்ரொய்ட் 2.1இன் சொந்த உலாவியிற் பின்னணி இழை இருந்தது. 2.2இல் அது நீங்கிற்று. 4.3 வரை இல்லாதிருந்து, 2013ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 4.4இலேதான் மீண்டது. புதிய தொலைபேசியை வாங்கியவர் பழையதில் இருந்ததை இழந்தார். முன்னேற்றம் ஒரு படிக்கட்டு, ஏறினால் இறங்காது என எண்ணுவோர் இவ்வொரு செய்தியையாவது நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஒப்பேரா மினி வேறொரு வழியைக் கைக்கொண்டது. 2006ஆம் ஆண்டு சனவரியில் உலகெங்கும் வழங்கப்பட்ட அவ்வுலாவி, பக்கத்தைத் தொலைபேசியிற் கட்டுவதில்லை. நெடுந்தொலைவிலுள்ள சேவையகம் பக்கத்தைத் திறந்து, நிரல்களைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பின் நிறுத்திச் சுருக்கி, ஏறக்குறைய ஒரு படமாக்கித் தொலைபேசிக்கு அனுப்பும். இதனால் தரவுச் செலவு பெரிதும் குறைந்தது. விலைகுறைந்த தொலைபேசியும் இணையத்தைக் கண்டது. ஆயின் வாசகரின் பக்கத்தில் நிரல் எதுவும் ஓடிக்கொண்டிராத இடத்திற் பின்னணி இழைக்கு ஏது இடம்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது இவ்வினா என் வீட்டுக்கும் வந்தது. வீட்டில் இருந்தது ஒரு தொலைபேசி. அதனைப் பயன்படுத்த இருந்தோர் மூவர். ரீலோட் அட்டைக்குரிய பணம் கணக்குப் பார்த்தே செலவழிக்கப்பட்டது. ஆதலின் தரவைச் சேமிக்கும் உலாவியொன்றையே பயன்படுத்தினோம். லயத்துக்கு மேலே, பழைய மலையின் விளிம்பிலுள்ள பாறையருகிற்றான் சமிக்ஞை கிடைக்கும். அங்கு அமர்ந்து, பயிற்சிப் பக்கமொன்றைத் திறந்தேன். தலைப்பு வந்தது; அதன்கீழ் வெண்மை. இரண்டு நாள் முயன்றபின், தொலைபேசி பழுதாயிற்று என்று அக்காவிடம் கூறிவிட்டேன். பல்கலைக்கழகம் வந்து நிரலாக்கம் சிறிது கற்றபின், அப்பக்கத்தின் நிரலை எடுத்துப் பார்த்தேன். விடைகளைத் திருத்தும் வேலையைப் பின்னணி இழைக்குக் கொடுக்கும் முன், அவ்விழை உண்டா என்று அது ஒருமுறையேனும் கேட்டிருக்கவில்லை. இல்லாத ஒருவரை அழைத்தது, பிழை எழுந்தது, அதன்பின் வந்த வரிகள் யாவும் ஓடாது நின்றன. தொலைபேசியிற் பழுதிருக்கவில்லை. ஒரு வரி குறைந்திருந்தது.

பெயரும் ஆளும்

அந்த ஒரு வரியின் வரலாறும் நீண்டதே. தொடக்ககால நிரலாளர் உலாவியிடம் நின் பெயர் யாது என்று வினவினர். பெயரைக்கொண்டு ஆற்றலை ஊகித்தனர். இவ்வினாவினால் விலக்கப்பட்ட உலாவிகள் பொய்ப்பெயர் கூறத் தொடங்கின. எக்ஸ்புளோரர் தன்னை மொசில்லா என்றது, பின்வந்தவற்றுட் பெரும்பாலானவையும் தம்மை மொசில்லா என்றன. பெயர் வினவுதல் பயனற்றுப் போகவே, ஆற்றலை நேரே வினவும் முறை நிலைபெற்றது: ‘வேர்க்கர்’ எனும் பொருள் உன்னிடம் உண்டா?

இதுவும் முற்றிலும் போதியதன்று. தோட்டத்துச் செக்ரோலிற் பேர் இருப்பது வேறு, ஆள் மலையில் நிற்பது வேறு என்பதனை நாம் அறிவோம். குரோம் உலாவியில் அப்பெயர் உண்டு. ஆயினும் பக்கம் இணையத்திலிருந்தன்றிக் கணினியின் சொந்தக் கோப்பிலிருந்து திறக்கப்பட்டால், தனிக்கோப்பிலுள்ள பின்னணி இழையை உருவாக்க அது மறுக்கும். நிரலைத் தனிக்கோப்பாக வைக்காது பக்கத்துக்குள்ளேயே எழுதி, அங்கிருந்து இழையை உருவாக்கும் தந்திரம் ஒன்றுண்டு. எக்ஸ்புளோரர் 10 அதனைப் பாதுகாப்புப் பிழையென்று தள்ளிற்று. இவ்விரண்டிலும் பெயரைக் கேட்டால் ‘உண்டு’ என்ற விடையே வரும்.

மொசில்லா 2011ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கி, 2013இற் பயர்பொக்ஸ் 19உடன் எல்லோர்க்கும் அளித்த ‘பிடிஎஃப் ஜேஎஸ்’ எனும் கோப்புவாசிப்பான் இதற்குக் கண்ட வழி எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. அது பெயரைக் கேட்டு அமையாமல், பின்னணி இழையை உருவாக்கி, 255 என்ற எண்ணைத் தாங்கிய ஓர் எண்துண்டை அதற்கு அனுப்பும். அவ்வெண் சிதையாது சென்று சேர்ந்தது என்ற மறுமொழி வந்தாலே வேலையை ஒப்படைக்கும். இல்லையேல், தானே ‘போலி வேர்க்கர்’ என்று பெயரிட்ட ஒன்றை முதன்மை இழையிலேயே அமைத்து வேலையைத் தொடரும். போலியென்று ஒளிவின்றிக் கூறும் அவ்வெச்சரிக்கை எனக்குப் பிடித்தமானது. 2005ஆம் ஆண்டிலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் பேணிவருகின்ற ‘நூலகம்’ திட்டத்தின் கோப்புகளைப் பழைய கணினியில் இத்தகைய வாசிப்பானாற் படித்தோர், பெயரறியாமலே அப்போலித் தொழிலாளியின் உழைப்பைப் பெற்றிருத்தல் கூடும். பக்கம் மெல்ல வரும்; புரட்டும்போது தயங்கும்; ஆயினும் வரும்.

திம்புள்ளக்கு இன்னுமொரு நிலையைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். பின்னணி இழையின் நிரல் பெரும்பாலும் தனிக்கோப்பு. பக்கம் வந்தபின் அது வேறாக இறக்கப்படவேண்டும். மூடுபனியும் மழையும் சூழ்ந்து சமிக்ஞை அறும் பொழுதில், உலாவியிற் குறை ஏதுமில்லாதிருந்தும் தொழிலாளி வந்து சேரமாட்டார். பிழையென்ற செய்திகூட உடனே வராது, மௌனமே வரும். எனவே வினவியபின் சில செக்கன்கள் காத்திருந்து, மறுமொழி இல்லையெனின் மாற்றுவழியிற் செல்லும் ஏற்பாடும் தேவை. தரம் வகுத்தோர் ‘ஆதரவு இல்லை’ என்பதனை உலாவியின் பண்பாகவே கண்டனர். இங்கிருந்து பார்க்கையில் அது வானிலையின் பண்பும் ஆகும்.

ஈடுசெய்யும் முறைகள்

உலாவியில் இல்லாத வசதியை நிரலால் நிரப்பும் துண்டுக்கு ‘பொலிஃபில்’ என்ற பெயரை ரெமி ஷார்ப் என்பவர் 2009ஆம் ஆண்டளவில் வழங்கினார். பிரித்தானியாவிற் சுவர் வெடிப்புகளை அடைக்கும் பசையொன்றின் பெயரை ஒட்டியது அது. பல குறைகளுக்கு இவ்வுவமை பொருந்தும். பின்னணி இழைக்கு மட்டும் பொருந்தாது. லயத்துக் காம்பராவைக் கருதுக. பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதிலேயே சமையல், உறக்கம், படிப்பு. சுவரின் வெடிப்பைப் பசையால் அடைக்கலாம். இல்லாத இரண்டாவது அறையைப் பசையால் உண்டாக்க முடியாது. சிலர் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உட்சட்டமொன்றை அமைத்து, அதனுள் வேலையை ஓட்டிப் பார்த்தனர். அது காம்பராவின் நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. தனியிடம் போலத் தோன்றும். ஆனால் ஒரே தளத்திலிருந்து வந்த உட்சட்டம் அதே இழையிலேயே ஓடுமாதலின், அங்கு எழும் புகை இங்கும் வரும்.

உண்மையிற் பயன் தந்த முறை வேலையைத் துண்டாடுதலே. சரக்குவண்டியைச் சிறு வண்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே பயணிகள் வண்டியை விடுதல் போல, கணக்கைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறு முடிந்ததும் கடிகாரத்திடம் ‘சற்றுப் பொறுத்து அழை’ என்று கூறி வழிவிடுதல். அவ்விடைவெளியில் உலாவி திரையை வரையும். வாசகரின் தொடுகையைக் கேட்கும். நிக்கொலஸ் சாக்காஸ் என்பார் 2010இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரித்துரைத்தார். ஒரு கூறு 50 மில்லிசெக்கனுக்கு மேற் செல்லலாகாது என்பது பின்னர் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பத்திலொரு செக்கனுக்குள் மறுமொழி வந்தால் மனிதர் அதனை உடனடியென்றே உணர்வர் என்ற பழைய ஆய்வு முடிபு இதற்கு அடிப்படை. வழிவிடுதலுக்கும் செலவுண்டு. அடுத்தடுத்து அழைக்கப்படும் கடிகாரம் குறைந்தது 4 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்ளுமாதலின், கூறுகளை மிகச் சிறிதாக்கின் வேலையைவிட வழிவிடுதலே பெரிதாகும்.

துண்டாடுவதில் எழும் உண்மையான இடரைத் தமிழெழுத்து எனக்குக் கற்பித்தது. எமது பாடசாலையின் பழைய ஆண்டு மலர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. ஒருங்குறி பரவுமுன் இலங்கையிற் பெருவழக்கிலிருந்த அவ்வெழுத்துருவிலே, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் மலர் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டமாகவே தோன்றும். இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளை ஆர்வலர் பலர் உலாவியிலேயே ஓடும்படி ஆக்கியுள்ளனர். உரை முழுவதையும் எடுத்து, ஒவ்வொரு எழுத்துவடிவுக்கும் ஒருமுறையாக நூற்றுக்கணக்கான தடவைகள் தேடி மாற்றுதலே அவற்றின் பொது இயல்பு. கட்டுரை ஒன்றாயின் கண்ணிமைக்குமுன் முடியும். பத்தாண்டு மலர்களை ஒரே கோப்பாக்கிப் பழைய கணினியில் இட்டால் திரை உறையும், எமக்கு உறைந்தது.

துண்டாடுவோம் என்று நண்பர் இருவருடன் முனைந்தேன். 5,000 எழுத்துக்கு ஒரு துண்டு என வெட்டினோம். உறைதல் நீங்கிற்று; மலர் முழுவதும் மாறிற்று. ஆனால் ஆங்காங்கே கொம்பு தனித்து நின்றது. பாமினியில் ‘கொழுந்து’ என்பதன் முதலெழுத்து கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக இருக்கும்; ஒருங்குறியிலோ ககரமும் ஓர் ஒகரக் குறியும் ஆக இரண்டே. கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே கத்தி விழுந்தால், முன்துண்டின் கடையில் அநாதையான ஒரு கொம்பும், பின்துண்டின் முதலில் ‘காழுந்து’ம் கிடைக்கும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை, திருத்திவிடலாம். ககரத்துக்கும் காலுக்கும் நடுவே விழுந்தால் நிகழ்வதே கொடிது. எகரக் குறியும் ஆகாரக் குறியும் தனித்தனியே அடுத்தடுத்து நின்று, திரையில் ‘கொழுந்து’ என்றே தோன்றும். கண் பிழையைக் காணாது. ஆயின் எளிய தேடல் நிரலொன்றில் ‘கொழுந்து’ என்று தேடினால் அச்சொல் அகப்படாது. உள்ளே குறிகள் வேறு. மலையகத்து மலரொன்றில் அச்சொல்லே அகப்படாமற் போவதென்றால்! பின்னர் வரி முடிவில் மட்டுமே வெட்டும்படி திருத்தி, எல்லாவற்றையும் மீள மாற்றினோம்.

இவ்வனுபவத்தின்பின் ‘எவ்வுலாவியிலும் ஒரே விளைவு’ என்னும் கூற்றை நான் ஐயத்துடனேயே நோக்குகின்றேன். ஓர் இழையில் முழுதாகச் செய்தற்கென எழுதிய வேலையைத் துண்டாடும்பொழுது அதன் விளைவே மாறிவிடக்கூடும். அம்மாற்றம் கண்ணுக்குப் புலனாகாதும் இருக்கக்கூடும்.

மூன்றாவது வழி வேலையைச் சேவையகத்துக்கு அனுப்பிவிடுதல். ஒப்பேரா மினி செய்தது இதன் முழுவடிவம். தொலைபேசியின் வலுவின்மை இங்குத் தடையாகாது. ஆயின் சமிக்ஞை அறும்பொழுது வேலையும் அறும். நான்காவது வழி மறுத்தல்: ‘உமது உலாவி பழையது, புதியதை நிறுவுக’ என்ற பலகை. நிரலாளருக்கு இது மலிவானது; புதியதை நிறுவும் செலவு முழுவதும் வாசகரைச் சாரும்.

இவற்றுள் எது சிறந்தது என்பதில் என் கருத்து தெளிவானது. 2003ஆம் ஆண்டில் ஸ்டீவ் சாம்பியன், நிக் ஃபிங்க் ஆகியோர் முன்வைத்த கோட்பாடு ஒன்றுண்டு: எல்லாவுலாவியிலும் இயங்கும் எளிய வடிவை முதலில் ஆக்குக, வல்ல உலாவிக்கு மேலதிகமானதைப் பின்னர் சேர்க்குக. பின்னணி இழைக்கு அதனைப் பொருத்துவதாயின், துண்டாடப்பட்ட ஒற்றை இழை வடிவே அடிப்படையாதல் வேண்டும். வேர்க்கர் அதன்மேல் இடப்படும் வசதி. பலர் இதனைத் தலைகீழாகவே செய்தனர். வேர்க்கருக்கென்று எழுதிவிட்டு, இறுதியிற் போலியொன்றை ஒட்டினர். ஒட்டியதைச் சோதிக்க அவர்களிடம் பழைய தொலைபேசி இருக்கவில்லை. இரண்டு வடிவுகளை எழுதிப் பேணுவது இரட்டைச் செலவு என்ற மறுப்பு நியாயமற்றதன்று. ஆனால் துண்டாடத்தக்கதாக ஒருமுறை எழுதிய நிரலைப் பின்னணி இழையிலும் மாற்றமின்றி ஓட்டலாம், மறுதலையாக முடிவதில்லை. ஆதலால் அச்செலவு தோன்றுமளவு பெரிதன்று.

இன்றைய நிலை

எக்ஸ்புளோரரின் இறுதிப் பதிப்பும் 2022ஆம் ஆண்டு யூன் 15ஆம் திகதி பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் ஓய்வுபெற்றது. இதனுடன் இச்சிக்கல் முடிந்தது என்று கருதுவோர் உளர். ஆயின் இருந்தது மறைதல் அதன்பின்னரும் அதற்குமுன்னரும் நிகழ்ந்துகொண்டேயிருந்தது. 2018ஆம் ஆண்டு சனவரியில் ‘ஸ்பெக்டர்’ எனப்பட்ட வன்பொருட் பலவீனம் வெளிப்பட்டவுடன், இழைகள் நினைவகத்தைப் பங்கிடும் வசதியைப் பெரிய உலாவிகள் யாவும் ஒரே மாதத்தில் நிறுத்தின. பின்னர் கடும் நிபந்தனைகளுடனேயே மீளத் தந்தன. பல பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும் வேர்க்கர் வகையொன்று சபாரியின் பழைய பதிப்புகளில் இருந்து, 6.1இல் நீக்கப்பட்டு, 2022இன் 16ஆம் பதிப்பிலேதான் திரும்பிற்று. கூறுநிரல்களாக எழுதிய வேர்க்கர்களைக் குரோம் 2020இலும், சபாரி 2021இலும், பயர்பொக்ஸ் 2023ஆம் ஆண்டு யூனிலும் ஏற்றன. மூன்றாண்டு இடைவெளி.

இறுதியாக ஒன்று. திம்புள்ளப் பகுதிக்குத் தொண்டராகச் சென்று கற்பிக்கும் மாணவர் சிலர், இணைப்பு இல்லாத வகுப்பறைக்குப் பாடங்களைப் பென்டிரைவில் எடுத்துச் செல்கின்றனர். கணினி புதியது, குரோமும் புதியது. பாடத்தைப் பென்டிரைவிலிருந்து இருமுறை சொடுக்கித் திறக்கும்போது, அது கணினியின் சொந்தக் கோப்பு. வேர்க்கர் என்ற பெயர் அங்கு உண்டு, உருவாக்கப் புகுந்தால் மறுப்பு வரும். சென்ற விடுமுறையில் நாம் கொண்டுசென்ற பாடம் அம்மறுப்பைப் பிடித்துக்கொண்டு, நெட்ஸ்கேப் காலத்திலிருந்தே உள்ள பழைய கடிகார அழைப்புக்கு மாறி, கேள்விகளை ஐந்தைந்தாகத் திருத்தியது. பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, ஏன் புள்ளி கொஞ்சங் கொஞ்சமாக ஏறுகிறது என்று கேட்டாள்.